ஏறும் இடத்திலிருந்து தொடங்குங்கள்

கரையிலிருந்து இறங்கி நீரோட்டத்தோடு போகும் டைவ் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது சும்மா மிதந்து போகும் சுகம்தான். காலை வீசி நீந்த வேண்டாம், தண்ணீரே கொண்டுபோய்விடும், பக்கத்தில் பவளச் சுவர் நகர்ந்துகொண்டே இருக்கும். அந்தச் சுகம் உண்மையிலேயே உண்டு. ஆனால் கரையில் உட்கார்ந்து அரை மணி நேரம் கணக்குப் போட்டவர்களுக்குத்தான் அது கிடைக்கும். ஒரு டீயில் முடிகிற பேச்சில்லை இது. இன்னொன்றும் சொல்லிவையுங்கள், நிதானமாகவே பேசுவோம்.

புதுச்சேரியிலோ அந்தமானிலோ டைவிங் கற்றவர்கள் பெரும்பாலும் படகிலிருந்து குதித்தே பழகியவர்கள். படகு இருந்தால் நீரோட்டம் எங்கே கொண்டுபோனாலும் கவலை குறைவு. குமிழிகளைப் பார்த்தபடி படகு பின்னாலேயே வரும், நீங்கள் தலையைத் தூக்கும் இடத்தில் வந்து ஏற்றிக்கொள்ளும். கரையிலிருந்து இறங்கும்போது அந்தப் படகு கிடையாது. கடல் உங்களை ஒரு திசையில்தான் கொண்டுபோகும். ஏறும் இடமோ அசையாமல் ஒரே இடத்தில் இருக்கிறது. இவ்விரண்டையும் பொருத்துவதுதான் திட்டம். எனவே எங்கே இறங்குவது என்று ஆரம்பிக்காதீர்கள். எங்கே ஏறுவது என்பதில் ஆரம்பித்து, அங்கிருந்து பின்னோக்கி வாருங்கள்.

பொதுவாகச் சொன்னால் மனதில் நிற்காது. ஓர் இடத்தை எடுத்துக்கொள்வோம். எகிப்தின் சினாய் தீபகற்பத்தில், அகபா வளைகுடாவின் கரையில் தாஹப் என்ற சிற்றூர் இருக்கிறது. அங்கிருந்து கடலோரமாகவே சில கிலோமீட்டர் வடக்கே போனால் ‘ப்ளூ ஹோல்’. கரையை ஒட்டிய பவளத் திட்டுக்கு நடுவே, சுமார் 100 மீட்டர் ஆழத்துக்கு இறங்கும் வட்டப் பள்ளம். இந்தக் கரையை ஒட்டி வடக்கே விரிந்து கிடப்பது ராஸ் அபு கலூம், 1992இல் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவிக்கப்பட்டது. ப்ளூ ஹோலுக்குச் சற்று வடக்கே, நடந்தே போகும் தூரத்தில், ‘பெல்ஸ்’ என்று ஓர் இடம். அங்கே பவளத் திட்டில் ஒரு பிளவு இருக்கிறது. அதன் வழியே நேராகக் கீழே இறங்கி, சுமார் 26 முதல் 28 மீட்டர் ஆழத்தில் வெளிக்கடலுக்கு வந்து, சுவரை வலது தோள் பக்கம் வைத்துக்கொண்டு தெற்கே போய், ப்ளூ ஹோலுக்குள் நுழைந்து கரையேறுவார்கள். கரையிலிருந்து இறங்கி, சுவரோரமாக, நீரோட்டத்தோடு ஒரே திசையில் போகும் டைவுக்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரிந்து இல்லை. கணக்குப் போட வேண்டிய அத்தனையும் இந்தச் சிறிய தூரத்துக்குள் அடங்கியிருக்கிறது. தொடக்கத்திலேயே ஆழம் அதிகம் என்பதால், 18 மீட்டருக்கு மட்டும் பயிற்சி பெற்றவர்களுக்கான டைவ் இல்லை இது. அடுத்த நிலைப் பயிற்சியும், இடமறிந்த ஒரு வழிகாட்டியும் அவசியம்.

ஏறும் இடத்தைப் பார்ப்போம். வெளிக்கடலிலிருந்து ப்ளூ ஹோலுக்குள் வருவதற்குப் பவள விளிம்பில் ஒரு தாழ்வான பகுதி உண்டு. ‘சாடில்’ என்பார்கள். அதன் ஆழம் 6, 7 மீட்டர்தான். இந்த ஒரு எண்தான் முழு டைவையும் தீர்மானிக்கிறது. நீங்கள் தெற்கே வந்துகொண்டிருக்கும்போது 20 மீட்டரில் இருந்தால் வாசல் உங்கள் தலைக்கு மேலே 13 மீட்டர் உயரத்தில் இருக்கும். கண் சுவரின் மேலேயே இருந்தால் அதைக் கவனிக்காமலே தாண்டிவிடலாம். பஸ்ஸில் நிறுத்தத்தைத் தவறவிட்டால் அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடக்கலாம், நீரோட்டத்தை எதிர்த்து அப்படித் திரும்பி வர முடியாது. ஆகவே சாடிலுக்கு வரும்முன்பே 8 மீட்டருக்கு ஏறியிருக்க வேண்டும். அதற்கு முந்தைய பத்து நிமிடம் 10 மீட்டர் அளவில் கழிய வேண்டும். அதற்கும் முன் 18. இப்படிப் பின்னோக்கி வந்தால், பெல்ஸின் அடியில் நீங்கள் எவ்வளவு நேரம் நிற்கலாம் என்பது தானாகவே வந்து நிற்கும். அது பலர் நினைப்பதைவிட மிகக் குறைவு.

இந்த இடத்தின் ஒரு வசதி, டைவின் பாதையைக் கரையிலேயே பார்த்துவிடலாம். ப்ளூ ஹோல் கரையிலுள்ள டீக்கடைகளுக்கு எதிரே உபகரணங்களை மாட்டிக்கொண்டு பெல்ஸ் வரை கரையோரமாக நடந்துதான் போக வேண்டும். வெயிலில் ரப்பர் உடையும் சிலிண்டருமாக நடப்பது சிரமம். ஆகையால் ஒருமுறை வெறும் கையோடு முன்னதாக நடந்து பார்த்துவிடுவது நல்லது. ப்ளூ ஹோலில் ஆட்கள் எந்த இடத்தில் ஏறுகிறார்கள், அங்கே அலை எப்படி உடைகிறது என்று முதலில் பாருங்கள். பிறகு பெல்ஸ் நோக்கிக் காலடியை எண்ணிக்கொண்டே நடங்கள். அந்தத் தூரம் பின்னால் கணக்குக்கு வேண்டும். அகபா வளைகுடாவில் காற்று பெரும்பாலும் வடக்கிலிருந்துதான். அது வலுத்தால் பெல்ஸின் வாயில் அலை எழும்பும். கூரான பவளத்துக்கு நடுவே சிலிண்டரோடு இறங்குவதற்கு அது ஏற்ற நேரமல்ல. கடலின் ஏற்றவற்றம் இங்கே பெரிதில்லை, ஒரு மீட்டருக்கும் குறைவு. ஆனால் திட்டின் மேல் அரை மீட்டர் தண்ணீர் குறைந்தாலும் கால் வைக்கும் இடம் மாறிவிடும். கல்மீன் பவளக் கற்களுக்கிடையே அசையாமல் கிடக்கும், அதன் முதுகு முள்ளில் விஷம். ஆகவே கெட்டியான அடிப்பாகம் உள்ள பூட்ஸ் கட்டாயம்.

அடுத்தது நீரோட்டம். பெரும்பாலான நாட்களில் இங்கே அது மென்மையாக, வடக்கிலிருந்து தெற்கே போகும். அந்தப் ‘பெரும்பாலான’ என்ற சொல்லை நம்பி இறங்கக் கூடாது. இன்றைக்கு என்ன என்று பார்க்க வேண்டும். தண்ணீரில் மிதந்துவரும் நுரையையோ பாசித் துணுக்கையோ கண்ணில் வைத்துக்கொண்டு, கரையில் அதோடு கூடவே நடங்கள். 30 மீட்டரை அது ஒரு நிமிடத்தில் கடந்தால் வேகம் ஏறத்தாழ ஒரு நாட். இரண்டு நிமிடம் ஆனால் அரை நாட். ஐந்து நிமிடம் ஆனால் நிமிடத்துக்கு 6 மீட்டர், அதுதான் இதமான டைவ். ஒரு நாட் வேகத்தை எதிர்த்து ஒரு சாதாரண டைவரால் வெகுநேரம் நீந்த முடியாது. மூச்சு இரண்டு மடங்கு மூன்று மடங்காக எகிறும், காற்று தீரும்.

மேற்பரப்பில் தெரியும் ஓட்டம் காற்று தள்ளுவதாகவும் இருக்கலாம். கீழே வேறு மாதிரி போகலாம். கீழே என்ன நடக்கிறது என்பதை மீன்கள் காட்டிக்கொடுக்கும். செங்கடல் சுவர்களில் ஆரஞ்சு நிறத்தில் விரலளவு மீன்கள் ஆயிரக்கணக்கில் நிற்கும், ஆந்தியாஸ் என்று பெயர். நீரோட்டம் கொண்டுவரும் நுண்ணுயிர்கள்தான் அவற்றுக்கு இரை. அதனால் ஓட்டம் எங்கிருந்து வருகிறதோ அந்தப் பக்கமே முகம் திருப்பி நிற்கும். ஓட்டம் இல்லாத நேரத்தில் கூட்டம் கலைந்து ஆளுக்கொரு பக்கம் பார்க்கும். ஓட்டம் வலுக்க வலுக்க எல்லாம் ஒரே திசையில் வரிசையாகி, சுவரோடு ஒட்டிக்கொண்டு வாலை வேகமாக அடிக்கும். இறங்கிய முதல் நிமிடத்திலேயே இவற்றைப் பாருங்கள். அத்தனை மீனும் தெற்கே பார்த்து நின்றால் ஓட்டம் தெற்கிலிருந்து வருகிறது என்று பொருள். அப்படியானால் இந்த டைவ் இன்றைக்கு இல்லை. ப்ளூ ஹோலிலிருந்தே இறங்கி, சாடில் வழியாக வெளியே எட்டிப்பார்த்துவிட்டு, அதே வழியில் திரும்பும் இன்னொரு டைவ் இருக்கிறது. அதுவும் அழகுதான்.

இனி பெல்ஸ். திட்டின் நடுவே ஒரு சிறு தண்ணீர்த் தேக்கம், அதற்குள் பிளவின் வாய். ஒரு நேரத்தில் ஒருவர்தான் இறங்க முடியும். அதனால் வரிசையைக் கரையிலேயே முடிவு செய்ய வேண்டும். முதலில் வழிகாட்டி, கடைசியில் அனுபவசாலி, நடுவில் புதியவர்கள். ஒருவருக்கும் அடுத்தவருக்கும் நடுவே ஓர் ஆள் உயரத்துக்குக் குறையாத இடைவெளி விடுங்கள். இல்லையென்றால் மேலே இருப்பவரின் ஃபின் கீழே இருப்பவரின் மாஸ்க்கில் பட்டுக்கொண்டே வரும். காது அடைத்துக்கொண்டால் இந்தப் பிளவுக்குள் மேலே ஏறி மறுபடி முயல்வது சுலபமல்ல, பின்னால் ஆள் வந்துகொண்டிருப்பார். ஆகையால் வாயிலேயே, தலை முங்கியதுமே காதைச் சமன்செய்யத் தொடங்கி, ஒவ்வொரு மீட்டருக்கும் செய்துகொண்டே இறங்குங்கள். சளி இருக்கும் நாளில் இந்த டைவ் வேண்டாம். சுவர்களில் நெருப்புப் பவளம் இருக்கும், பட்டால் சுடுபட்டதுபோல எரியும். கை இரண்டையும் மார்போடு கட்டிக்கொள்வதுதான் உங்களுக்கும் பவளத்துக்கும் பாதுகாப்பு.

கீழே வந்து பிளவு திறக்கும் இடத்தில் ஒரு விஷயம் நடக்கும். முன்கூட்டித் தெரிந்திருந்தால் அதில் ஆபத்தில்லை. சுற்றிலும் பாறை இருந்த இடத்திலிருந்து திடீரென்று எதிரே நீலம் மட்டுமே. காலுக்குக் கீழே தரை தெரியாது. இறங்கி வந்த வேகமும் இன்னும் குறைந்திருக்காது. அதே நேரத்தில் ரப்பர் உடை 28 மீட்டர் அழுத்தத்தில் நசுங்கி, தன் மிதவைத் தன்மையில் பெரும்பகுதியை இழந்திருக்கும். சிலிண்டர் நிறைந்திருப்பதால் அதுவும் கனம். 12 லிட்டர் சிலிண்டரில் 200 பார் அழுத்தத்துக்கு அடைத்த காற்றின் எடை கிட்டத்தட்ட 3 கிலோ. இது போதாதென்று செங்கடலின் உப்பு. சராசரிக் கடல்நீரில் கிலோவுக்கு 35 கிராம் உப்பென்றால் அகபா வளைகுடாவில் 40 கிராமுக்கும் மேலே, அதை ஈடுகட்ட எல்லோரும் ஈயத்தைக் கூட்டிக் கட்டியிருப்பார்கள். இவ்வளவும் சேர்ந்து, பிளவிலிருந்து வெளியே வந்த கணத்தில் உங்களைக் கீழே இழுக்கும். ஆகவே 20 மீட்டரைத் தாண்டும்போதே மிதவை உடுப்பான பி.சி.டி.யில் சிறிது சிறிதாகக் காற்றை ஏற்றிக்கொண்டே வாருங்கள். திறப்புக்கு வந்ததும் நின்று, சமநிலை பிடித்து, கம்ப்யூட்டரைப் பார்த்து, துணைவரைப் பார்த்து, பிறகுதான் வலது பக்கம் திரும்ப வேண்டும்.

சுவரோர டைவில் மனதில் பதிய வேண்டிய முக்கியமான உண்மை ஒன்று உண்டு. மணல் தரை இருக்கும் இடத்தில் தரையே உங்களைத் தடுக்கும், தரை 18 மீட்டர் என்றால் நீங்களும் 18தான். சுவரில் அந்தத் தடை இல்லை. தண்ணீரின் தெளிவு 25, 30 மீட்டருக்குப் பார்வை கொடுக்கும்போது ஆழம் ஆழமாகத் தெரியாது. கீழே ஒரு விசிறிப் பவளம் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதுபோலத் தோன்றும், போய்ப் பார்த்தால் 35 மீட்டர். அந்த ஆழத்தில் நைட்ரஜன் மயக்கமும் சேரும். தான் தெளிவாக இருப்பதாகவே ஆள் நினைப்பார். இதே ப்ளூ ஹோலில் 50 மீட்டருக்கும் கீழே வெளிக்கடலுக்குத் திறக்கும் வளைவு ஒன்று இருக்கிறது. வெளியே இருந்து வரும் வெளிச்சத்தில் அது பக்கத்தில், சிறியதாகத் தெரியும். ஒற்றைச் சிலிண்டரோடு அதைக் கடக்கப் போய் உயிர்விட்டவர்கள் பலர். அவர்களின் பெயர் பொறித்த கற்கள் கரைப் பாறையில் இருக்கின்றன. இறங்கும்முன் அவற்றின் முன்னால் ஒரு நிமிடம் நின்று படியுங்கள். உங்கள் அதிகபட்ச ஆழத்தைக் கரையிலேயே, வாய்விட்டு, துணைவரிடம் சொல்லிவிட வேண்டும்: “28. அதற்குக் கீழே இல்லை.” ஆக்சிஜன் கூட்டிய கலவையான நைட்ராக்ஸ் எடுத்துப்போகிறவர்களுக்கு இது இன்னும் கறாரான எண். 32 சதவீதக் கலவையின் எல்லை சுமார் 33 மீட்டர். 36 சதவீதம் என்றால் 28 மீட்டரிலேயே எல்லையைத் தொட்டுவிடுகிறீர்கள், அதை இந்த டைவுக்கு எடுத்துவராதீர்கள்.

இப்போது காற்றுக் கணக்கு. இதைத்தான் பலரும் வழிகாட்டியிடம் விட்டுவிடுகிறார்கள். வழிகாட்டிக்கு உங்கள் நுரையீரல் தெரியாது. உங்கள் மூச்சை நீங்கள்தான் அளக்க வேண்டும், பழைய டைவ் குறிப்பிலிருந்தே அளக்கலாம். உதாரணமாக, 12 லிட்டர் சிலிண்டரில் 140 பார் செலவாகியிருக்கிறது, 40 நிமிடம், சராசரி ஆழம் 11 மீட்டர். செலவான காற்று 12 பெருக்கல் 140, அதாவது 1,680 லிட்டர். 11 மீட்டரில் அழுத்தம் 2.1 மடங்கு. 40 நிமிடத்தை 2.1ஆல் பெருக்கினால் 84. 1,680ஐ 84ஆல் வகுத்தால் 20. மேற்பரப்பில் நிமிடத்துக்கு 20 லிட்டர், இதுதான் உங்கள் எண். ஒரு தாளில் எழுதி மணிபர்ஸில் வைத்துக்கொள்ளலாம், அவ்வளவு பயன்படும்.

இந்த எண்ணோடு பெல்ஸில் இறங்குவோம். 200 பார், 12 லிட்டர், மொத்தம் 2,400 லிட்டர். முதலில் திட்டமில்லாமல் ஆசைப்படி போகும் டைவைப் பாருங்கள். இறங்க 3 நிமிடம், 150 லிட்டர். பிளவிலிருந்து வெளியே வந்து சுவரின் அழகில் 24 மீட்டர் அளவில் பத்து நிமிடம், அங்கே அழுத்தம் 3.4 மடங்கு என்பதால் 680 லிட்டர். 16 மீட்டரில் 12 நிமிடம், 624. எட்டு மீட்டரில் பத்து நிமிடம், 360. கடைசியில் 5 மீட்டரில் 5 நிமிடம், 150. கூட்டினால் 1,964. மீதி 436 லிட்டர், அதாவது 36 பார். யாரும் தவறாக எதுவும் செய்யவில்லை. ஆழமும் நேரமும் எல்லைக்குள்தான் இருந்தன. ஆனாலும் கரையேறும்போது கையில் இருக்க வேண்டிய 50 பார் இல்லை.

இனி சாடிலிலிருந்து பின்னோக்கிப் போட்ட திட்டம். இறங்க அதே 150. சுவரில் 25 மீட்டரில் 6 நிமிடம் மட்டும், 420. 18 மீட்டரில் பத்து நிமிடம், 560. 10 மீட்டரில் பத்து நிமிடம், 400. சாடிலைக் கடந்து 6 மீட்டரில் 6 நிமிடம், 192. மொத்தம் 1,722. மீதி 56 பார். முதல் டைவ் 40 நிமிடம், இது 35. ஐந்தே நிமிடம் விட்டுக்கொடுத்து, 20 பார் மிச்சம். ஆழத்தில் செலவாகும் ஒவ்வொரு நிமிடமும் மேலே ஏறத்தாழ இரண்டு நிமிடத்துக்குச் சமம். வெளிச்சமும் வண்ணமும் மீன் கூட்டமும் மேல் பத்து மீட்டரில்தான் அதிகம் என்பதால், உண்மையில் எதையும் இழக்கவில்லை.

இந்தத் திட்டத்தில் வழியிலேயே பார்க்க வேண்டிய எண்கள் கிடைத்துவிட்டன. 3ஆம் நிமிடம் 187 பார், 9ஆம் நிமிடம் 152, 19ஆம் நிமிடம் 106, 29ஆம் நிமிடம் 72. கையில் கட்டிக்கொள்ளும் சிலேட்டில் பென்சிலால் இதை எழுதிக்கொள்ளுங்கள். 9ஆம் நிமிடத்தில் 152க்குப் பதில் 135 காட்டினால் அன்றைக்கு உங்கள் மூச்சு வேகமாக இருக்கிறது. காரணத்தை யோசிக்காதீர்கள், அடுத்த கட்ட ஆழத்துக்கு உடனே ஏறிவிடுங்கள்.

கையிருப்பு பற்றி ஒரு வார்த்தை. 50 பார் மிச்சம் வைத்தால் போதும் என்று எல்லோரும் சொல்வது கரையேறும்போது இருக்க வேண்டிய அளவு. ஆழத்தில் அது போதாது. 28 மீட்டரில் துணைவரின் ரெகுலேட்டர் பழுதாகிவிட்டது, இருவரும் உங்கள் ஒரே சிலிண்டரில் மூச்சு விடுகிறீர்கள் என்று வையுங்கள். பதற்றத்தில் ஆளுக்கு 30 லிட்டர், இருவருக்கும் நிமிடத்துக்கு 60. நிதானத்துக்கு வர அங்கேயே ஒரு நிமிடம், சுமார் 230 லிட்டர். நிமிடத்துக்கு 9 மீட்டர் வேகத்தில் ஏறினால் சுமார் மூன்று நிமிடம், 480. 5 மீட்டரில் மூன்று நிமிடம் பாதுகாப்பு நிறுத்தம், 270. கடைசி ஏற்றம், 75. மொத்தம் 1,055 லிட்டர், கிட்டத்தட்ட 90 பார். 18 மீட்டரில் இதே கணக்குக்கு 65 பார். ஆக, பிளவின் அடியில் இருக்கும்போது மீட்டரில் 90க்குக் கீழே ஒருபோதும் காட்டக் கூடாது. நம் திட்டத்தில் அங்கே 180க்கு மேலே இருக்கிறது, நிம்மதி.

இங்கே காலடி எண்ணிய தூரத்துக்கு வேலை வருகிறது. ஆழத் திட்டத்தை நிமிடத்தில் போட்டோம், ஆனால் வாசல் இருப்பது ஓர் இடத்தில். பேச்சுக்கு 300 மீட்டர் என்று வைப்போம். நிமிடத்துக்கு 15 மீட்டர், அதாவது அரை நாட் ஓட்டம் என்றால், ஒரு தடவை கூட ஃபின் அடிக்காமல் 20 நிமிடத்தில் சாடிலுக்கு வந்துவிடுவீர்கள். திட்டப்படி அந்த நிமிடத்தில்தான் 18 மீட்டரிலிருந்து மேலே ஏறத் தொடங்கியிருப்பீர்கள். கடிகாரம் சரி, காற்று சரி, வாசல் மட்டும் தலைக்கு மேலே கடந்து போகும். அதனால் சுவருக்கு வந்த முதல் ஐந்து நிமிடத்தில் ஓட்டத்தின் வேகத்தை மறுபடி கவனித்து, வேகமாக இருந்தால் எல்லாக் கட்டங்களையும் சுருக்கி முன்னதாகவே ஏற வேண்டும். பயிற்சி வகுப்பில் இதை அழுத்திச் சொல்வது குறைவு. என் கருத்தில், கரையோர நீரோட்ட டைவில் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம் இதுதான்.

பாதியில் ஏதாவது ஆகிவிட்டால்? நேராக மேலே வந்து திட்டின் மேல் ஏறிக் கரைக்கு நடந்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். விளிம்பில் அலை உடையும், பவளம் உடம்பைக் கிழிக்கும். இந்த டைவில் பாதியில் நிறுத்துவது என்றால் ஆழம் குறைத்து, அதே திசையில், அதே வாசலுக்குப் போவதுதான். மேற்பரப்புக்கே வர வேண்டியிருந்தால் மிதவைக் குழாயை ஊதி மேலே அனுப்பிவிட்டு, விளிம்பிலிருந்து சற்று விலகி, பி.சி.டி.யை நிரப்பிக்கொண்டு மிதந்தபடியே ப்ளூ ஹோலின் வாயிலுக்கு வரலாம். ஆளுக்கொரு மிதவைக் குழாயும் விசிலும் கட்டாயம். கரையில் ஒருவரை உட்காரவைத்து நேரத்தைச் சொல்லிவிட்டுப் போங்கள்: “11.10க்கு இறங்குகிறோம். 11.45க்கு உள்ளே வருவோம். 12 மணி வரை காணவில்லையென்றால் ஆள் கூப்பிடுங்கள்.” டீக்கடையில் இருக்கும் உங்கள் குழுவின் ஆளே போதும், ஆனால் அவர் கடலைப் பார்த்து உட்கார வேண்டும்.

சுவர்களில் சில இடங்களில் ஓட்டம் பக்கவாட்டில் மட்டுமன்றிக் கீழ்நோக்கியும் இழுக்கும். தாஹபில் இது வழக்கமில்லை. இந்தோனேசியாவில் பாலிக்கு அருகே உள்ள நூசா பெனிடா போன்ற இடங்களில் உண்டு. உங்கள் குமிழிகள் மேலே போகாமல் பக்கத்திலேயே சுழன்றாலோ, மீன்கள் தலையை மேலே தூக்கிச் செங்குத்தாக நீந்தினாலோ அதுதான் அறிகுறி. சுவரைவிட்டு விலகி வெளிக்கடல் பக்கம் குறுக்காக நீந்தினால் பெரும்பாலும் அதன் பிடியிலிருந்து வெளியே வந்துவிடலாம்.

சாடிலைத் தாண்டி உள்ளே வந்ததும் டைவ் முடிந்துவிட்டதாகத் தோன்றும். இன்னும் ஒரு கவனம் பாக்கி. ப்ளூ ஹோல் மூச்சடக்கி மூழ்குபவர்களின் பயிற்சிக் களம். நடுவில் மிதவைகள், அவற்றிலிருந்து ஆழத்துக்குத் தொங்கும் கயிறுகள், அந்தக் கயிற்றோரம் ஒரே மூச்சில் இறங்கி ஏறும் மனிதர்கள். அவர்களின் பாதையில் உங்கள் குமிழி கூடப் போகக் கூடாது. நடுவே குறுக்காக வராமல், பவள விளிம்பை ஒட்டி 5, 6 மீட்டரில் சுற்றி வாருங்கள். பாதுகாப்பு நிறுத்தமும் அதிலேயே முடிந்துவிடும். சிலிண்டர் 50 பாருக்கு வந்ததும் உடம்பு லேசாகி மேலே தூக்கும், இறங்கும்போது கனமாக இருந்த அதே ஈயம் இப்போதுதான் பயன்படும்.

கடைசியாக, தண்ணீருக்கு வெளியே ஒரு விஷயம். தாஹபுக்கு வருபவர்களில் பலரும் சினாய் மலைக்கும் போவார்கள். இரவில் வண்டி ஏறி, நள்ளிரவுக்குமேல் நடந்து, விடியலை உச்சியில் பார்ப்பது வழக்கம். அந்த உச்சி கடல் மட்டத்திலிருந்து 2,285 மீட்டர். விமானத்தின் உள்ளே பறக்கும்போது இருக்கும் காற்றழுத்தமும் ஏறக்குறைய அந்த உயரத்துக்கு உரியதுதான். டைவ் முடிந்து விமானம் ஏற ஒரே ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரமும், பல டைவ்கள் என்றால் 18 மணி நேரமும் காத்திருக்கச் சொல்கிறார்கள். மதியம் பெல்ஸில் 28 மீட்டர் இறங்கிவிட்டு அதே இரவு மலையேறுவது, டைவ் முடித்த கையோடு விமானம் ஏறுவதற்குச் சமம். மலைக்குப் போவதானால் ஊருக்கு வந்த முதல் நாளே, டைவிங் தொடங்கும் முன்பே போய்வந்துவிடுங்கள்.